நடுப் பெட்டியில் ஒரு பிழை

மார்கழி, தை மாதங்களில் கிளிநொச்சிப் பக்கம் விடியற்காலையில் எழும்பித் தலைக்கு எண்ணெய் வைக்கப் போனால் போத்தல் மறுத்துவிடும். கவிழ்த்துப் பிடித்தாலும் ஒரு சொட்டு வராது. உள்ளே தேங்காய் எண்ணெய் வெள்ளை வெளேரென்று கட்டியாகிக் கிடக்கும். அம்மா அதை அடுப்புக் கல்லுக்குப் பக்கத்தில் வைத்துவிட்டுத் தன் வேலையைப் பார்ப்பார். தேத்தண்ணி குடித்து முடிவதற்குள் எண்ணெய் ஓரங்களில் தெளிந்து, நடுவில் ஒரு வெள்ளைத் துண்டு மட்டும் மிஞ்சியிருக்கும். வெயில் ஏறி ஒன்பது மணியானால் அதுவும் இல்லை.

அந்த வெள்ளைத் துண்டு எங்கே நிற்கிறது என்று பார்த்திருக்கிறீர்களா? அடியில் கிடக்கும். மீன் பெட்டிக்குள் கொட்டும் ஐஸ், உருகிய தண்ணீரின் மேல் மிதக்கும். எண்ணெய்க் கட்டியோ எண்ணெய்க்குள் தாழும். இரண்டுமே குளிர்ந்து உறைந்தவைதான், ஆனால் ஒன்று மேலே, மற்றது கீழே. தை மாதத்தில் திண்மம், திரவம், வாயு என்ற பாடம் வந்தால் நான் ரியூசன் வகுப்புக்கு இந்தப் போத்தலையே கொண்டு போவேன். ஆவணியில் வந்தால் கதையாகச் சொல்வதைத் தவிர வழியில்லை. 24, 25 பாகை செல்சியசுக்குக் கீழே இறங்கினால்தான் தேங்காய் எண்ணெய் உறையும். ஆவணி வன்னியில் அதற்கு எங்கே போவது?

போத்தலைக் கொண்டு போவதற்குக் காரணம் பிள்ளைகள் கொப்பியில் கீறும் ஒரு படம். மூன்று பெட்டிகள். முதல் பெட்டியில் வட்டங்கள் வரிசை வரிசையாக ஒட்டி நிற்கும். அது திண்மம். மூன்றாவதில் நாலைந்து வட்டங்கள் ஆளுக்கொரு மூலையில் கிடக்கும். அது வாயு. நடுப் பெட்டி திரவம். அதில் வட்டங்கள் கொஞ்சம் விலகி, ஒன்றுக்கும் மற்றதற்கும் இடையில் இன்னொரு வட்டம் புகுகிற அளவுக்கு இடைவெளி விட்டு நிற்கும். திண்மத்தில் நெருக்கம், வாயுவில் தூரம், திரவத்தில் இரண்டுக்கும் நடுத்தரம். பார்க்க அழகாக இருக்கும், மனப்பாடமும் ஆகிவிடும். ஆனால் நடுப் பெட்டி பிழை. நானும் அப்படிக் கீறித்தான் புள்ளி வாங்கினேன்.

அந்த வட்டங்கள் துணிக்கைகளை, அதாவது அணு, மூலக்கூறு போன்ற நுண்ணிய கூறுகளைக் குறிக்கின்றன. திரவத்தில் அவை விலகி நிற்பதில்லை. திண்மத்தில் போலவே ஒன்றையொன்று தொட்டுக்கொண்டுதான் இருக்கின்றன. பெரும்பாலான பொருள்கள் உருகும்போது கனவளவு கூடுவது நூற்றுக்குப் பத்து, பதினைந்தைத் தாண்டாது, உலோகங்களில் அதுகூட இல்லை. பெரிய பாய்ச்சல் திரவத்துக்கும் வாயுவுக்கும் இடையில்தான் இருக்கிறது. 100 பாகையில் 1 மில்லிலீற்றர் தண்ணீர் நீராவியானால் ஏறக்குறைய 1700 மில்லிலீற்றர் இடத்தைப் பிடிக்கும். 12ஐ 12ஆல் பெருக்கித் திரும்பவும் 12ஆல் பெருக்கினால் 1728. ஆகவே ஒரு துணிக்கைக்கும் அடுத்ததற்கும் உள்ள தூரம் நீளத்தில் பன்னிரண்டு மடங்காகிறது என்று கணக்குப் போட்டுக்கொள்ளலாம். முதல் இரண்டு பெட்டிகளும் பக்கத்து வளவுகள் என்றால் மூன்றாவது வேறு ஊர்.

இதைக் கையாலேயே உணரலாம். ஊசி இல்லாத ஒரு பிளாஸ்ரிக் சிரிஞ்சை எடுத்து, காற்றை இழுத்து, வாயை விரலால் அடைத்துத் தள்ளிப் பாருங்கள். பாதிவரை உள்ளே போகும், விட்டால் திரும்பி வரும். அப்புறம் தண்ணீரை நிரப்பி, குமிழி இல்லாமல் பார்த்து, அதேபோல் தள்ளுங்கள். கல்லைத் தள்ளுவது போல இருக்கும். வளிமண்டல அமுக்கத்தைப் போல 1000 மடங்கு கொடுத்தாலும் தண்ணீர் நூற்றுக்கு 4 அளவில்தான் சுருங்கும். கொப்பிப் படத்தில் இருக்கிற இடைவெளி தண்ணீருக்குள் உண்மையிலேயே இருந்திருந்தால் பெருவிரலே அதை அமுக்கியிருக்கும்.

அப்படியென்றால் திண்மத்துக்கும் திரவத்துக்கும் என்னதான் வித்தியாசம்? தூரம் ஏறக்குறைய ஒன்றுதான், ஒழுங்கும் நகர்வும்தான் வேறு. வைகாசியில் வற்றாப்பளைப் பொங்கலுக்குப் போனவர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை. பந்தலுக்குள் வரிசையாகச் சம்மணமிட்டு இருப்பவர்கள் அசைவார்கள், திரும்புவார்கள், விசிறுவார்கள், ஆனால் இடம் மாற மாட்டார்கள். அது திண்மம். கோயில் வாசலில் முண்டியடிக்கிற சனமும் அதே அளவு நெருக்கம்தான், தோளோடு தோள் முட்டும். ஆனால் உங்களுக்கு முன்னால் நின்றவர் அடுத்த நிமிடம் பக்கத்தில் நிற்பார், அதற்கடுத்த நிமிடம் காணாமல் போயிருப்பார். கூட்டம் வழிந்து வழிந்து நகரும். அது திரவம். வெளியே வெட்டையில் ஓடிப் பிடித்து விளையாடும் பிள்ளைகள் வாயு. உவமையில் ஒரு ஓட்டை உண்டு: சனம் சாமி கும்பிட வேண்டும் என்ற நோக்கத்தோடு தள்ளும், துணிக்கைக்கு ஒரு நோக்கமும் கிடையாது. தண்ணீருக்குள் ஒரு மூலக்கூறு தன் அயலவர்களை மாற்றிக்கொள்ள எடுக்கும் நேரம், ஒரு செக்கனை இலட்சம் கோடியாகப் பிரித்தால் வரும் பங்குகளில் சில. எந்தத் திருவிழாவிலும் அந்த வேகத்தில் ஆள் மாறாது.

துணிக்கைகளை ஒன்றாக வைத்திருப்பது அவற்றுக்கிடையே உள்ள இழுவை. பிரிக்கப் பார்ப்பது அவற்றின் ஓயாத அசைவு. வெப்பநிலை என்று நாம் அளப்பது அந்த அசைவின் அளவைத்தான். இழுவை வென்றால் திண்மம், அசைவு வென்றால் வாயு. இரண்டும் ஒன்றையொன்று விடாமல் மல்லுக்கட்டும்போது திரவம். தேங்காய் எண்ணெயின் மூலக்கூறுகளுக்கிடையே உள்ள இழுவை மெல்லியது, தை மாத விடியலுக்கும் காலை வெயிலுக்கும் இடையிலுள்ள சில பாகையே அதைத் தளர்த்தப் போதும். கறியுப்பில் சோடியம் அயனும் குளோரைட்டு அயனும், அதாவது மின்னேற்றம் பெற்ற அணுக்கள், நேர், மறை ஏற்றங்களால் கட்டுண்டு கிடக்கின்றன. அதை உருக்க 801 பாகை வேண்டும். எண்ணெய் ஒரே பாகையில் சட்டென்று உருகாமல் ஓரத்திலிருந்து இளகிக்கொண்டே வருவதற்கும் காரணம் உண்டு. அதில் பலவகைக் கொழுப்புகள் கலந்திருக்கின்றன, ஒவ்வொன்றுக்கும் தன் கணக்கு.

இப்போது ஐஸுக்கு வரலாம். உறையும்போது நெருங்கி அடுக்கிக்கொள்வதுதான் பொது வழக்கம். அதனால்தான் எண்ணெய்க் கட்டி அடர்த்தி கூடித் தாழ்கிறது, உறைந்த போத்தலின் மேற்பரப்பும் நடுவில் குழிந்திருக்கும். தண்ணீர் இந்த வழக்கத்துக்குள் அடங்காது. அதன் மூலக்கூறு வளைந்தது. அயல் மூலக்கூறுகளைச் சில திசைகளில் மட்டுமே பிடித்துக்கொள்ளும். உறையும்போது அந்தத் திசைகள் தவறாமல் அடுக்க வேண்டியிருப்பதால் நடுவில் வெற்றிடம் விட்ட ஆறுபக்கக் கூடுகள் உருவாகின்றன. 10 பங்கு தண்ணீர் ஏறக்குறைய 11 பங்கு ஐஸ் ஆகிறது, மிதக்கிறது. முல்லைத்தீவில் கரைக்கு வந்த மீனுக்கு ஐஸ் கொட்டும்போது இன்னொன்றும் நடக்கிறது. ஐஸ் உருகி முடியும்வரை அந்தக் கலவை 0 பாகையை விட்டு ஏறாது. வெளி வெப்பம் முழுவதும் கூடுகளை உடைப்பதற்கே செலவாகிறது. 1 கிலோ ஐஸை உருக்கப் போகும் வெப்பம், அதே 1 கிலோ தண்ணீரை 0 பாகையிலிருந்து 80 பாகைவரை சூடாக்கப் போதும். அதே 0 பாகையில் வெறும் தண்ணீரை ஊற்றினால் மீன் மத்தியானத்துக்கு முன்னரே நாறிவிடும். ஐஸ் கட்டிதான் காப்பாற்றுகிறது.

வாயுவாக மாறுவதற்கு இதைவிடப் பெரிய விலை கொடுக்க வேண்டும். பிட்டு அவிக்கும் நீத்துப்பெட்டியைக் கொஞ்சம் கிட்ட நின்று பாருங்கள். பானை வாயில் பெட்டி பொருந்தியிருக்கும். கீழே தண்ணீர் கொதிக்கும். மாவுக்குள்ளால் வந்து மேலே எழும் வெண்புகையைக் காட்டி ஆச்சி "ஆவி வந்திட்டுது" என்பார். ஆச்சி சொல்வதில் தவறில்லை, ஆனால் அந்த வெண்மை ஆவி அல்ல. நீராவி கண்ணுக்குத் தெரியாது. வெளிக்காற்றில் குளிர்ந்து திரும்பத் திரவமான நுண்துளிகளைத்தான் நாம் காண்கிறோம். வெறும் கேத்திலில் இது இன்னும் தெளிவு: மூக்கின் நுனிக்கும் வெண்புகை தொடங்கும் இடத்துக்கும் நடுவில் ஒன்றுமே இல்லாதது போல ஒரு சிறு இடைவெளி இருக்கும். உண்மையான நீராவி அங்கேதான் இருக்கிறது. விரலை வைக்க வேண்டாம். கொதிநீர் பட்டால் ஒரு சூடு. நீராவி பட்டாலோ அது தோலில் திரவமாகும்போது, ஆவியாவதற்கு வாங்கிய கடன் முழுவதையும் அங்கேயே இறக்கிவைத்துவிடும். 1 கிலோ தண்ணீரை 30 பாகையிலிருந்து கொதிநிலைக்குக் கொண்டுவரச் செலவாகும் வெப்பத்தைப் போல ஏழு மடங்குக்கு மேல் அதை முழுதாக ஆவியாக்கச் செலவாகும். பிட்டு அவிவதும் அந்தக் கடன் மாவுக்குள் இறங்குவதால்தான்.

ஆவியாகத் தண்ணீர் கொதித்தே ஆகவேண்டும் என்பதில்லை. ஆடி, ஆவணியில் சோளகக் காற்று வீசும்போது இரணைமடுக் குளத்தின் கரையில் நின்றால் நீர்மட்டம் நாளுக்கு நாள் இறங்குவது தெரியும். வயலுக்குத் திறந்தது போக, சொல்லாமல் கொள்ளாமல் மேலே போவதும் உண்டு. 1 சதுர கிலோமீற்றர் பரப்பில் நீர்மட்டம் 1 மில்லிமீற்றர் இறங்கினால் 10 இலட்சம் லீற்றர் தண்ணீர் போய்விட்டது என்று அர்த்தம். குளத்தில் எல்லாத் துணிக்கைகளும் ஒரே வேகத்தில் அசைவதில்லை. முட்டல் மோதலில் சிலவற்றுக்கு அதிக வேகம் வாய்க்கும். மேற்பரப்பில் நிற்கும் அப்படிப்பட்ட ஒன்று அயலவரின் பிடியை அறுத்துக்கொண்டு பறந்துவிடும். வேகமானவை போய்விட்டால் மிச்சத்தின் சராசரி குறையும். சராசரி குறைவது என்றால் குளிர்வது.

மண்பானைத் தண்ணீரின் இரகசியம் இதுதான். பானையின் நுண்துளைகளால் கசிந்து வெளிப்புறத்தை நனைக்கும் தண்ணீர் ஆவியாகும்போது, பானையிலிருந்தே வெப்பத்தை எடுத்துக்கொண்டு போகிறது. 5 லீற்றர் பானையிலிருந்து 100 மில்லிலீற்றர் ஆவியாகிறது என்று வையுங்கள். வெளியிலிருந்து வெப்பம் ஒன்றும் உள்ளே வராவிட்டால் மிச்சத் தண்ணீர் 11 பாகைக்கு மேல் குளிர்ந்திருக்கும். வெப்பம் வரத்தான் செய்யும், ஆகவே குளிர்ச்சி அதைவிடக் குறைவு. ஆனாலும் வெயிலில் வேலை செய்துவிட்டு வந்து செம்பில் மொண்டு குடிப்பவருக்கு அது தாராளம். வேப்பமர நிழலில் காற்றுப்படும்படி பானையை வைப்பதும், ஒரு வருடம் போனால் துளை அடைத்துவிட்டது என்று புதுப்பானை வாங்குவதும் இந்தக் கணக்கை அறிந்த பழக்கங்கள். கார்த்திகை மழையில் அதே பானை அவ்வளவாகக் குளிராது. காற்றில் ஏற்கெனவே நீராவி நிறைந்திருப்பதால் போகிற அளவுக்குத் திரும்பியும் வருகிறது.

ஆனையிறவில் இதே வெயிலும் காற்றும் வேறு வேலை பார்க்கின்றன. போரால் பல வருடங்கள் மூடிக்கிடந்து, பிறகு திரும்ப இயங்கத் தொடங்கிய உப்பளம் அது. கடல்நீரில் லீற்றருக்கு ஏறக்குறைய 35 கிராம் உப்புகள் கரைந்திருக்கின்றன. பாத்திக்குப் பாத்தி மாற்றி வற்ற விடுகிறார்கள். தண்ணீர் மூலக்கூறு பறக்கும், அயன்கள் பறக்க மாட்டா, அவற்றின் கட்டு அவ்வளவு வலியது. வற்றும்போது முதலில் இறங்குவது கொஞ்சம் கல்சியம் காபனேற்று, அதற்குப் பிறகு கல்சியம் சல்பேற்று. கடல்நீர் பத்தில் ஒன்றளவுக்கு வற்றிய பிறகுதான் உப்பு விளையத் தொடங்கும். "விளைதல்" என்று நெல்லுக்குச் சொல்லும் சொல்லையே இதற்கும் சொல்கிறோம். எனக்கு இதைவிடப் பொருத்தமான அறிவியற் சொல் தெரியாது. அயன்கள் கரைசலில் தாறுமாறாக அலைந்து, ஒரு முனையில் வந்து ஒட்டி, அடுத்தடுத்து வரிசை பிடித்து, சதுரமுகிப் பளிங்காக வளர்கின்றன. பக்கம் 1 மில்லிமீற்றர் உள்ள ஒரு உப்புக்கல்லின் ஓரத்தில் மட்டும் ஏறக்குறைய 35 இலட்சம் அயன்கள் வரிசையில் நிற்கின்றன. கடைசியில் மிஞ்சும் நீரை வடித்துவிடுவார்கள், மக்னீசிய உப்புகள் சேர்ந்து அது கசக்கும்.

வாயுவைப் பற்றியும் பாடப்புத்தக உதாரணம் ஒன்றோடு எனக்கு வழக்கு உண்டு. வகுப்பின் ஒரு மூலையில் வாசனைத் திரவியப் போத்தலைத் திறந்தால் மறு மூலைக்கு மணப்பது துணிக்கைகள் பரவுவதால் என்று சொல்வார்கள். நம்மூரில் அத்தர் வேண்டாம், பழுத்து விழுந்த பனம்பழம் போதும். வளவின் அந்தத் தொங்கலில் விழுந்தால் இந்தத் தொங்கலில் மூக்குக்குத் தெரியும். சாதாரண வெப்பநிலையில் நைதரசன் மூலக்கூறு செக்கனுக்கு 500 மீற்றர் அளவு வேகத்தில் போகிறது. அந்த வேகத்தில் நேராகப் போனால் கிளிநொச்சியிலிருந்து மாங்குளத்துக்கு ஒரு நிமிடமளவில் போய்ச் சேர்ந்துவிடலாம். ஆனால் போக விடுவார்களா? ஒரு மில்லிமீற்றரின் பத்தாயிரத்தில் ஒரு பங்கைக்கூடத் தாண்டுவதற்குள் இன்னொன்றில் மோதித் திசை மாறுகிறது. ஒரு செக்கனில் ஏறக்குறைய 700 கோடி மோதல். காற்று அறவே அசையாத ஓர் அறையில் ஒரு வாசனை மூலக்கூறு மோதி மோதி 5 மீற்றர் போய்ச் சேரச் சராசரியாக இரண்டு கிழமை ஆகும். அதற்குள் பனம்பழம் முளைவிடத் தொடங்கிவிடும். ஆகவே மணத்தைச் சுமந்து வருவது பெரும்பாலும் காற்றோட்டம். கடைசி மில்லிமீற்றரில் மூக்குக்குள் புகும் வேலையைத்தான் பரவல் செய்கிறது.

கிடுகுக் கூரை ஓட்டையால் விழும் வெயிற்கோலில் ஆடும் தூசியும் இதே இனம். அதைக் காட்டி "துணிக்கைகளின் ஆட்டம் பாருங்கள்" என்று சொல்லிவிட்டுப் போகலாம், ஆனால் அதுவும் காற்றோட்டம்தான். உண்மையான ஆட்டத்தைக் காண நுணுக்குக்காட்டி வேண்டும். ஸ்கொட்லாந்துத் தாவரவியலாளர் ரொபர்ட் பிரௌன் 1827இல் மகரந்தமணிகளுக்குள்ளிருந்து வந்த நுண்துகள்கள் தண்ணீரில் ஓயாமல் நடுங்குவதைப் பார்த்தார். உயிர்தான் காரணமோ என்று சந்தேகித்து, உயிரில்லாத கல்தூளையும் போட்டுப் பார்த்தார். அதுவும் நடுங்கியது. கண்ணுக்குத் தெரியாத தண்ணீர் மூலக்கூறுகள் எல்லாப் பக்கமும் சமனில்லாமல் முட்டுவதே காரணம் என்பதற்கு 1905இல் ஐன்ஸ்டைன் கணக்குப் போட்டுக் கொடுத்தார். அந்தக் கணக்கைப் பரிசோதனையால் உறுதிசெய்த பிரெஞ்சு அறிஞர் ஜான் பெரன் 1926இல் நோபல் பரிசு பெற்றார். அணு என்பது வெறும் கற்பனை என்று சொல்லிக்கொண்டிருந்தவர்கள் வாயடைத்ததும் இதற்குப் பிறகுதான்.

பிள்ளைகள் கேட்கும் குறுக்குக் கேள்விகள் எனக்குப் பிடிக்கும். "சேர், நெல்லைச் சாக்குக்குள்ள கொட்டினா சாக்கின்ட வடிவம் எடுக்குது, அப்ப நெல் திரவமோ?" இல்லை. களத்தில் கொட்டினால் குவியலாக நிற்கும், தண்ணீர் அப்படிக் குவிந்து நிற்காது. ஒவ்வொரு மணியும் கோடானுகோடி மூலக்கூறுகள் சேர்ந்த ஒரு திண்மம். "வெயிலுக்கு ரோட்டுத் தார் செருப்பில ஒட்டுது, அது எது?" இதற்குச் சட்டென்று பதில் சொல்ல முடியாது. தாருக்கு உப்பைப் போல அடுக்கு ஒழுங்கு கிடையாது, ஆகவே உருகுநிலை என்று ஒரு புள்ளியும் கிடையாது. சூடேற ஏற இளகிக்கொண்டே போகும், எந்தப் பெட்டியில் போடுவது என்று அதுவே சொல்லாது.

காஸ் சிலிண்டர் நல்ல கேள்வி. அதைத் தூக்கி ஆட்டினால் உள்ளே தளம்புவது கேட்கும். பெயர்தான் காஸ், உள்ளே இருப்பதில் பெரும்பகுதி திரவம். அமுக்கத்தால் துணிக்கைகளைத் தொடும் தூரத்துக்குக் கொண்டுவந்து, இழுவையின் பிடிக்குள் விட்டிருக்கிறார்கள். அப்படியே வாயுவாக அடைப்பதானால் அதைப் போல 200 மடங்குக்கு மேல் இடம் வேண்டும், குசினியே போதாது.

போன தை மாதம் வகுப்பில் படத்தைத் திருத்திக் கீறச் சொன்னேன். முதல் பெட்டி பழையபடி. நடுப் பெட்டியில் அதே எண்ணிக்கை வட்டங்கள், ஒட்டித் தொட்டபடி, ஆனால் வரிசை குலைந்து, அங்கங்கே சிறு பொந்துகளோடு. மூன்றாவதுக்கு ஒரு நிபந்தனை: வட்டம் 1 சென்ரிமீற்றர் என்றால் அடுத்த வட்டம் 12 சென்ரிமீற்றர் தள்ளி. கொப்பியின் ஒரு முழுப் பக்கத்திலும் ஒன்றோ இரண்டோதான் கொள்ளும். பின் வாங்கிலிருந்து ஒரு பெடியன் கையை உயர்த்தினான்.

"மிச்ச இடத்தில என்ன சேர் கீறுறது?"

"ஒண்டும் கீறாதை. அதுக்குள்ள ஒண்டும் இல்லை."

தலையை ஆட்டிவிட்டு இருந்தான். பின்னேரம் கொப்பி திருத்தும்போது பார்த்தேன். இரண்டு வட்டங்களும் அளவு தப்பாமல் இருந்தன. மிச்சப் பக்கம் முழுவதையும் நீலப் பென்சிலால் தீட்டி, நடுவில் அழகான எழுத்தில் "காற்று" என்று எழுதியிருந்தான்.